கால் மாட்டினதும் படம் முடிந்துவிடுகிறது

'மயூரி' படத்தைப் போன வாரம் முழுசாக மறுபடி பார்த்தேன். 1985ல் சிங்கீதம் சீனிவாசராவ் தெலுங்கில் எடுத்தது. தமிழிலும் அதே பெயரில் டப் ஆகி வந்தது. எங்கள் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் பக்கம் தெலுங்குப் படத்துக்கு டப்பிங் தேவைப்படுகிறவர்கள் குறைவு, அது வேறு விஷயம். விபத்தில் காலை இழந்த ஒரு பரதநாட்டியப் பெண், ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு மறுபடி மேடை ஏறும் கதை. அது சுதா சந்திரனின் சொந்தக் கதை, நடித்தவரும் அவரே. 1986ல் இந்தியில் 'நாச்சே மயூரி'யாக மறுபடி எடுத்தார்கள், அதிலும் அவர்தான்.

நல்ல படமா என்று கேட்டால், ஆமாம். அதில் சந்தேகமே இல்லை. கால் போனவராக நடிக்கும் நடிகரை நம்ப வைக்க சினிமா என்னென்னவோ வித்தை செய்யும். இதில் அந்த வித்தை எதுவும் தேவைப்படவில்லை. கேமரா முன்னால் ஆடுகிறவருக்கு உண்மையிலேயே ஒரு கால் செயற்கைக் கால்தான். தேசிய விருதுக் குழு அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தது நியாயம். நாற்பது வருஷம் கழித்தும் அந்தக் கடைசி ஆட்டத்தைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

என்னுடைய புகார் வேறு இடத்தில். படம் கால் மாட்டியதும் ஆட்டத்துக்குப் போகிறது, ஆட்டம் முடிந்ததும் முடிந்துவிடுகிறது. செயற்கைக் கால் பற்றி நம் ஊரில் எழுதப்படுகிற, எடுக்கப்படுகிற எல்லாமே இதே இடத்தில்தான் முடிகிறது. இலவச முகாம் பற்றிய செய்தியைப் பாருங்கள்: அமைச்சர் கையால் கால், பயனாளி நாலு அடி நடக்கிறார், கைதட்டல், போட்டோ. மறுநாள் காலையில் அவர் அந்தக் காலை எப்படி மாட்டினார், சாயங்காலம் கழற்றினபோது தோல் எப்படி இருந்தது என்று யாரும் எழுதுவதில்லை.

முதலில் அந்த நிஜக் கதையின் தேதிகள். 1981 மே மாதம் தமிழ்நாட்டுச் சாலை ஒன்றில் விபத்து. சுதா சந்திரனுக்கு அப்போது ஏறக்குறைய 16 வயது. உள்ளூர் மருத்துவமனையில் முதல் சிகிச்சை, பிறகு சென்னை விஜயா மருத்துவமனை. அதற்குள் வலது காலில் அழுகல் வந்துவிட்டது, எடுக்க வேண்டியதாயிற்று. அதே 1981ல் ஜெய்ப்பூர் எலும்பு மருத்துவர் பி.கே.சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துத்தான் சுதா அவரிடம் போனார். மறுபடி மேடை ஏறியது 1984ல். நடுவில் ஏறக்குறைய மூன்று வருஷம். பயிற்சியில் மீதிக்காலில் ரத்தம் கசிந்ததைப் பற்றி அவரே பேட்டிகளில் பேசியிருக்கிறார். சினிமா நேரத்தில் அந்த மூன்று வருஷம் சில நிமிடங்களாகச் சுருங்குகிறது. சினிமா என்றால் சுருக்கத்தான் செய்யும், அதைக் குற்றம் சொல்லவில்லை. எதைச் சுருக்கினார்கள் என்பதுதான் என் கேள்வி.

நான் பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேரில் இருப்பவன். இந்தத் தொழில் கற்றுக்கொடுத்த ஒரு பழக்கம் உண்டு. ஒரு சிஸ்டம் அடிக்கடி மக்கர் செய்தால், இந்தப் பக்க புரோகிராமையும் அந்தப் பக்க புரோகிராமையும் விட்டுவிட்டு, இரண்டும் சந்திக்கிற இடத்தை முதலில் பார்ப்பேன். செயற்கைக் காலில் அந்தச் சந்திப்பு இடத்துக்குப் பெயர் சாக்கெட். மீதமிருக்கும் காலை உள்ளே செருகுகிற கிண்ணம். 'மயூரி'யின் கேமரா பாதத்தைப் பார்க்கிறது, சலங்கையைப் பார்க்கிறது, முகத்தைப் பார்க்கிறது. சாக்கெட் பாவாடைக்குள் இருக்கிறது.

ஜெய்ப்பூர் காலின் மேதைமை முழுக்க கணுக்காலுக்குக் கீழே. 1968 வாக்கில் சேத்தியும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து செய்தது. சர்மா பெரிய படிப்பு படித்தவர் இல்லை, கை தேர்ந்த சிற்பி. அதுவரை கிடைத்த வெளிநாட்டு வகைப் பாதத்துக்கு ஷூ வேண்டும். நம் ஆள் வெறுங்காலோடு வயலில் இறங்குவான், குந்தி உட்காருவான், சம்மணம் போடுவான், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவான். அதற்காக உள்ளே மரக்கட்டையும் ஸ்பாஞ்ச் ரப்பரும் வைத்து, மேலே தோல் நிற ரப்பர் போர்த்தி, அச்சில் போட்டு வேக வைத்தார்கள். டயருக்கு ரீட்ரெடிங் செய்கிற அதே வேலைதான். எல்லாப் பக்கமும் வளைகிற, தண்ணீர் பட்டால் கெடாத பாதம் வந்தது. 1975ல் டி.ஆர்.மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி அதை இலவசமாக லட்சக்கணக்கான பேருக்குக் கொண்டுபோனது. 1980களின் கடைசியில் யாழ்ப்பாணத்திலேயே ஒரு ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கி, போரில் கால் இழந்தவர்களுக்குச் செய்து கொடுத்தது. இந்தியப் பொறியியலின் சாதனைகளைப் பட்டியல் போட்டால் ராக்கெட்டுக்குப் பக்கத்தில் இதை வைப்பேன்.

ஆனால் பாதத்துக்கு மேலே? அங்கேயும் புத்திசாலித்தனம் இருக்கிறது, மறுக்கவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போடுகிற கறுப்பு ஹெச்.டி.பி.ஈ குழாயைச் சூடாக்கி, மீதிக்காலின் மாவுக்கட்டு அச்சின் மேல் இழுத்துச் சாக்கெட் ஆக்கினார்கள். ஒரே நாளில் அளவெடுத்து ஒரே நாளில் மாட்டி அனுப்பலாம். விலை மலிவு, வலு அதிகம். காற்றுதான் புகாது.

முழங்காலுக்குக் கீழே எடுத்த காலுக்கும், மேலே எடுத்த காலுக்கும் உள்ள வித்தியாசம் பொதுப்பேச்சில் வருவதே இல்லை. கீழே எடுத்தால் சொந்த மூட்டு மிச்சம். நீளமான எலும்பு மிச்சம், அதைச் சுற்றிச் சாக்கெட் பிடித்துக்கொள்ள இடம் உண்டு. மேலே எடுத்தால் மூட்டும் இயந்திரம், பிடிமானமோ தொடைச்சதை. சதை இறுக்கிப் பிடித்தால் வலிக்கும், தளர்ந்தால் கழலும். உடம்பு எடையின் பெரும்பங்கை இடுப்பெலும்பின் கீழ்முனை, அதாவது நாம் உட்காரும்போது தரையில் படுகிற எலும்பு, சாக்கெட்டின் விளிம்பில் உட்கார்ந்து தாங்குகிறது. அந்த விளிம்பு கவட்டையில் உரசும். சமதரையில் நடக்க ஆகும் சக்தி கீழ்க்காலில் சுமார் 25 சதவீதம் கூடுதல் என்றால், தொடையில் எடுத்தவருக்குச் சுமார் 65 சதவீதம் கூடுதல் என்று பாடநூல்கள் சொல்கின்றன.

இப்போது நமக்குத் தெரிந்த நாயகர்களை எண்ணிப் பாருங்கள். சுதா சந்திரன், முழங்காலுக்குக் கீழே. 2011ல் ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டு, 2013ல் எவரெஸ்ட் ஏறிய அருணிமா சின்ஹா, முழங்காலுக்குக் கீழே. ஒலிம்பிக்கில் ஓடிய பிஸ்டோரியஸ், இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே. இவர்கள் செய்தது சாதாரணம் என்று சொல்ல வரவில்லை. சொந்த மூட்டு இருந்தவர்களின் சாதனையை, மூட்டு இல்லாதவரிடம் அளவுகோலாக நீட்டுகிறோம். 'அந்தப் பொண்ணு டான்ஸே ஆடுச்சு, நீ ஏன் வேலைக்கு வர மாட்டேங்கற?' இந்தக் கேள்வியை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

சினிமாவுக்குத் தெரியாத இந்த வித்தியாசம் சட்டத்துக்குத் தெரியும். 1923ம் வருஷத்து தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில், மீதிக்கால் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து சதவீதம் போட்டிருக்கிறார்கள். இடுப்போடு போனால் 90. தொடையில் 12.70 செ.மீ.க்குள் மிச்சமிருந்தால் 80. அதற்கு மேல், நடுத்தொடை வரை என்றால் 70. நடுத்தொடைக்குக் கீழிருந்து, முழங்காலுக்குக் கீழே 8.89 செ.மீ வரை 60. இந்த விசித்திர எண்கள் ஏன் என்று யோசித்தால், 5 அங்குலமும் மூன்றரை அங்குலமும்தான். அங்குலத்தில் எழுதியதை அப்படியே மெட்ரிக்குக்கு மாற்றி, தசமப் புள்ளியையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். மூட்டு போனவரும், மூட்டு பிழைத்து அதற்குக் கீழே மூன்று அங்குலம் மிச்சமிருப்பவரும் ஒரே 60ல் விழுகிறார்கள். அளக்கத் தெரிந்த சட்டமும் மூட்டைத் தாண்டுகிற இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது.

சரி, இதெல்லாம் இப்போது ஏன்? எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் தம்பி ஒருவர், வயது 34, ரோலிங் மில் ஒன்றில் ஃபிட்டராக இருந்தவர். நாலு வருஷம் முன்னால் நடுத்தொடையில் கால் போயிற்று. சாக்கெட் கால் மாட்டித்தான் நடமாடுகிறார். இப்போது வேலை ஸ்டோர் ரூமில். போன மாதம் யூடியூபில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினார். அதில் ஒரு வெள்ளைக்காரர், தொடை முனையிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் உலோகக் கம்பியில் காலைச் 'சடக்' என்று மாட்டிவிட்டு எழுந்து போகிறார். சாக்கெட் இல்லை, பெல்ட் இல்லை, சாக்ஸ் இல்லை.

"அண்ணா, எலும்புலயே ஸ்க்ரூ போட்டுடறாங்க. வெளிநாட்டுல பண்றாங்களாம். ஆந்திரா பக்கம் அப்பா நிலம் முக்கால் ஏக்கர் இருக்கு. வித்துட்டுப் பண்ணிக்கலாமாண்ணா?"

முக்கால் ஏக்கர் என்றதும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஸ்ரீசிட்டி வந்தபிறகு அந்தப் பக்க நிலத்துக்கு விலை உண்டு. ஆனால் ஒருமுறை விற்றால் விற்றதுதான். ஒரு மாதம் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இந்தப் பதிவு அந்தப் படிப்பின் பலன். 'மயூரி'யை மறுபடி பார்த்ததும் அதில் ஒரு பகுதிதான்.

எலும்பில் கால் மாட்டுகிற தொழில்நுட்பத்தின் மூலம் பல்லில் இருக்கிறது. 1952ல் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரானெமார்க் என்ற ஆய்வாளர் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் குப்பி ஒன்றை வைத்து ரத்த ஓட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு டைட்டானியத்தை அந்நியமாகப் பார்க்காமல் ஒட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது. 1965ல் முதல் மனிதருக்குப் பல். இன்று பொன்னேரி பஜாரில்கூட 'இம்ப்ளான்ட்' போர்டு தொங்குகிறதே, அதன் கொள்ளுத்தாத்தா அந்த முயல்தான். 1990ல் அவருடைய மகன் ரிக்கார்ட் பிரானெமார்க் கோத்தன்பர்க்கில் தொடை எலும்புக்கு இதைக் கொண்டுவந்தார். ஓப்ரா என்று அந்த முறைக்குப் பெயர். மரை போட்ட, சுமார் 8 செ.மீ டைட்டானியக் குழலை எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் திருகி, தோலை மூடிவிடுவார்கள். எலும்பு பிடித்துக்கொள்ள ஏறக்குறைய ஆறு மாதம். இரண்டாவது அறுவையில் தோலைத் திறந்து, வெளியே நீட்டுகிற தண்டைப் பொருத்துவார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடை வைத்துப் பழக இன்னும் பல மாதம். ஜெர்மனியில் 1999லிருந்து இன்னொரு வகை. மரை இல்லாமல், சொரசொரப்பான உலோகத்தை எலும்புக்குள் அடித்து இறக்குவது. அதில் சீக்கிரம் நடக்கலாம். ஆஸ்திரேலியாவில் பிரபலமானது இந்த வகைதான்.

பலன் உண்மை. சாக்கெட் இல்லாததால் உரசல் இல்லை, இடுப்பு முழுசாக மடங்கும், நாற்காலியில் ஒழுங்காக உட்காரலாம், மாட்டவும் கழற்றவும் சில வினாடி. இன்னொன்று, காலடியில் மண்ணா, சிமென்டா, ஜல்லியா என்று எலும்பு வழியாகவே தெரிகிறது. இதைப் படிக்கும்போது எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. நல்ல இன்டர்ஃபேஸ் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். 51 பேரைத் தொடர்ந்து பார்த்த ஓப்ரா ஆய்வில், தன் நிலையைப் பற்றி அவர்களே போட்ட மதிப்பெண் இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய இரட்டிப்பானது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2015ல் வரம்போடும், 2020 டிசம்பரில் முழுமையாகவும் ஒப்புதல் கொடுத்தது.

இந்தத் துறைக்கும் ஒரு நாயகர் கதை இருக்கிறது. முன்ஜெத் அல் முதெரிஸ். சதாம் ஆட்சியில் ராணுவத்தை விட்டு ஓடியவர்களின் காதை அறுக்கச் சொன்னபோது மறுத்து, மருத்துவமனையின் பெண்கள் கழிப்பறையில் ஒளிந்து தப்பிய இராக் மருத்துவர். படகில் கிறிஸ்துமஸ் தீவு, பிறகு ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் அகதித் தடுப்பு முகாம். அங்கிருந்து எழுந்து சிட்னியில் எலும்பிணைவு அறுவையின் முன்னோடி ஆனார். 2014ல் வந்த 'வாக்கிங் ஃப்ரீ' அவருடைய தன்வரலாறு. கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாத புத்தகம். அகதி முகாம் பகுதிகள் நெஞ்சை அறுக்கும். ஆனால் கால் விஷயத்துக்கு வரும்போது 'மயூரி'யின் அதே வடிவம். நோயாளி நடக்க முடியாமல் வருகிறார், அறுவை நடக்கிறது, நடந்து போகிறார். அவரோடு நாமும் வெளியே போய்விடுகிறோம்.

அதற்குப் பிறகு நடந்ததை வேறு ஆட்கள் எழுதினார்கள். 2022ல் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும், சில நோயாளிகள் தேர்ந்தெடுக்கப்பட்ட விதம், அறுவைக்குப் பிந்தைய கவனிப்பு, தொற்று பற்றி அவர் மேல் கடுமையான குற்றச்சாட்டுகளை வெளியிட்டன. அவர் அவதூறு வழக்குப் போட்டார். 2025 ஆகஸ்டில் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவரால் வாழ்க்கை மாறியது என்று சொல்லும் நோயாளிகளும் நிறைய இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் சொல்வது உண்மையாக இருக்க முடியும். தகராறு எதைப் பற்றி என்று பாருங்கள். அறுவை மேசை பற்றி அல்ல. வீட்டுக்குப் போன பிறகான வருஷங்கள் பற்றி.

அந்த வருஷங்களின் கணக்கு ஆய்வுக் கட்டுரைகளில் ஒளிவு மறைவில்லாமல் இருக்கிறது. வீடியோவில்தான் இல்லை. அதே 51 பேரை ஐந்து வருஷம் பார்த்தபோது, எலும்புக்குள் வைத்த குழல் 92 சதவீதம் நிலைத்திருந்தது. அருமையான எண். அடுத்த வரி: 34 பேருக்கு மேலோட்டமான தொற்று, சிலருக்குத் திரும்பத் திரும்ப, மொத்தம் 70 முறை. 11 பேருக்கு ஆழமான தொற்று. வெளித்தண்டு வளைந்தோ தேய்ந்தோ மாற்ற வேண்டிவந்தது 15 பேருக்கு. எந்த மறு அறுவையும் மாற்றமும் இல்லாமல் ஐந்து வருஷம் தாண்டியது 45 சதவீதம்தான். ஸ்வீடனில் 96 பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், பத்து வருஷத்தில் எலும்பிலேயே தொற்று ஏற்படும் வாய்ப்பு 20 சதவீதம். ஐந்தில் ஒருவர்.

எங்கள் வேலையில் 'சர்வர் உயிரோடு இருக்கிறது' என்பது ஒரு எண், 'கை வைக்காமல் ஓடியது' என்பது வேறு எண். 92ஐ மட்டும் சொல்லி விற்கிறவர் பொய் சொல்லவில்லை. 45ஐயும் சேர்த்துக் கேட்காதது வாங்குகிறவரின் பிரச்சினையாகிவிடுகிறது.

இந்தத் தொற்றுக்குக் காரணம் கவனக்குறைவு மட்டும் அல்ல. தோலில் ஒரு ஓட்டை, அதன் வழியாக உலோகம், அந்த ஓட்டை என்றைக்கும் மூடாது. காது குத்தித் தோடு போட்டால் ஓட்டையின் உள்சுவரும் தோலாகிவிடும். இங்கே தோலுக்கும் உலோகத்துக்கும் நடுவே அப்படி ஒரு சமாதானம் முழுசாக வருவதில்லை. இயற்கையில் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தும் புண்ணாகாத ஒரு விலங்கு உண்டு, மான். இங்கிலாந்தில் ஒரு குழு மான் கொம்பின் அடித்தண்டில் தோல் எப்படி எலும்பைப் பிடிக்கிறது என்று பார்த்து, அதே மாதிரி துளைகள் போட்ட உலோகத்தைச் செய்தார்கள். கிண்டி பூங்காவில் மானைப் பார்க்கும்போது இனி எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

இப்போது இதை எங்கள் ஊருக்குக் கொண்டு வருவோம். ஓட்டையைச் சுற்றித் தினமும் இரண்டு வேளை சோப்பும் சுத்தமான தண்ணீரும் வைத்துக் கழுவ வேண்டும். குளத்தில், ஏரியில் இறங்கக் கூடாது. ஓடுவது, குதிப்பது கூடாது. உடம்பு எடை 100 கிலோவைத் தாண்டக் கூடாது. புகைபிடிப்பவருக்குச் செய்ய மாட்டார்கள். சர்க்கரை நோயால் கால் எடுத்தவர்கள் பெரும்பாலும் தேர்விலேயே கழிந்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் கால் எடுப்பதற்குச் சர்க்கரை எவ்வளவு பெரிய காரணம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. விழுந்தால் எலும்பு முறியாமல் இருக்க, திருகும் விசை அளவு மீறினால் தானாக விடுபடுகிற ஒரு பாதுகாப்பு உறுப்பு நடுவில் இருக்கிறது. நம் வீட்டு மெயினில் ஃப்யூஸ் மாதிரி. ஃப்யூஸ் போனால் இங்கே எந்தக் கடையில் வாங்குவது? சம்மணம் போட்டு உட்காருவது என்பதே தொடையெலும்பைத் திருகுகிற வேலைதான். ஜெய்ப்பூர் பாதம் இந்தியத் தரையைப் பார்த்துச் செய்தது. ஓப்ரா தண்டு ஸ்வீடன் நாற்காலியைப் பார்த்துச் செய்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அப்படியானால் சாக்கெட்டே போதும் என்று முடித்தால் அது அயோக்கியத்தனம். ஸ்வீடனில் 2001ல் வந்த ஆய்வு ஒன்று, தொடையில் கால் எடுத்துச் செயற்கைக் கால் போட்ட 97 பேரிடம் கேட்டது. 72 சதவீதம் பேர் சாக்கெட்டுக்குள் சூடும் வியர்வையும் தொல்லை என்றார்கள். 62 சதவீதம் பேர் புண், தோல் எரிச்சல் என்றார்கள். ஸ்வீடனில்! கும்மிடிப்பூண்டி மே மாதத்தில், 1,100 டிகிரியில் பழுத்த பில்லட் உருண்டு வரும் மில்லின் ஸ்டோர் ரூமில், காற்றுப் புகாத பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் ஒருவர் எட்டு மணி நேரம் தொடையை வைத்திருக்கிறார். அந்தத் தம்பி மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலைக் கழற்றி, உள்ளே சேர்ந்த வியர்வையைக் கீழே கொட்டுவாராம். கொட்டுவது என்ற வார்த்தை அவருடையது. கோடையில் மாதத்துக்கு ஐந்தாறு நாள் புண்ணால் கால் மாட்ட முடியாமல் லீவு. லீவு போட்டால் சம்பளம் இல்லை. முழங்காலும் அப்படித்தான். ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் ஜெய்ப்பூர் அமைப்போடு சேர்ந்து எண்ணெய் ஊறிய நைலானில் மலிவு மூட்டு ஒன்று செய்தார்கள், 2009ல் டைம் பத்திரிகை அந்த வருஷத்தின் சிறந்த கண்டுபிடிப்புகளில் சேர்த்தது. நல்ல மூட்டு. அதையும் சாக்கெட்டில்தான் தொங்கவிட வேண்டும்.

அதனால் நிலத்தை விற்கலாமா என்று அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வியே அல்ல. அவருக்குத் தெரிந்த இரண்டு கதைகளில் ஒன்று பாதத்தைக் காட்டுகிறது, மற்றது கம்பியைக் காட்டுகிறது. இரண்டும் மாட்டுகிற நாளோடு நிற்கின்றன. மாட்டிய நாலாவது வருஷத்திலிருந்து ஆரம்பிக்கிற ஒரு படம் தமிழில் வந்திருந்தால், அவருக்கு என் பதிவு தேவைப்பட்டிருக்காது.

அப்படி ஒரு படத்துக்கு வேண்டிய காட்சியைச் சுதா சந்திரனே கொடுத்தார், சினிமாவில் அல்ல. 2021 அக்டோபரில் ஒரு வீடியோ வெளியிட்டார். விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் பாதுகாப்புச் சோதனைக்காகச் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள், எங்களுக்கு ஒரு அட்டை கொடுங்கள் என்று பிரதமருக்கு வேண்டுகோள். மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. மேடை ஏறி 37 வருஷம் கழித்து, நாடே அறிந்த அந்தக் காலை ஒரு மறைப்புக்குப் பின்னால் கழற்றிக் காட்ட வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் 'மயூரி'யின் கடைசி ஆட்டத்தைவிட இந்தச் சின்ன வீடியோ செயற்கைக் காலைப் பற்றி அதிகம் சொல்கிறது. முகத்தில் மேக்கப் இருக்கிறது, குரலில் களைப்பு இருக்கிறது. அந்தக் களைப்பைப் படம் எடுக்கத்தான் யாரும் இல்லை.

தம்பியிடம் சொன்னது இதுதான். நிலத்தை இப்போது தொட வேண்டாம். இந்த அறுவைக்கு ஆகிற செலவை யாராவது சொன்னால், ஐந்தாவது வருஷச் செலவு எவ்வளவு, புண் சீழ் வைத்தால் கும்மிடிப்பூண்டியிலிருந்து எத்தனை மணி நேரத்தில் அதைத் தெரிந்த டாக்டரிடம் போக முடியும், தண்டு வளைந்தால் மாற்றுத் தண்டு எந்த ஊரில் இருக்கிறது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்க வேண்டும். எழுதித் தராவிட்டால் அதுவே பதில். இரண்டாவது, நாலு வருஷமாக அவர் ஒரே சாக்கெட்டில் இருக்கிறார். வெட்டின கால் முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் நன்றாக வற்றிச் சுருங்கும். அன்றைக்கு அளவெடுத்த கிண்ணம் இன்றைக்கு லொடலொடக்கத்தான் செய்யும். லொடலொடத்தால் உரசும், உரசினால் புண். அவர் அதைச் சரிக்கட்ட மூன்று சாக்ஸ் போடுகிறார், வியர்வை மூன்று மடங்கு. புது அளவு எடுக்கலாம் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

"திரும்பக் குடுப்பாங்களாண்ணா? ஒரு தடவ குடுத்தா அவ்ளோதான்னு நெனச்சேன்."

கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. அதே கே.கே.நகரில் இ.எஸ்.ஐ மருத்துவமனையும் இருக்கிறது, அவருக்கு இ.எஸ்.ஐ கார்டும் இருக்கிறது. விபத்து ஆவணங்கள், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, மில்லில் வாங்க வேண்டிய கடிதம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டாயிற்று. வர்ற செவ்வாய்க்கிழமை காலை மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து பஸ். மாவுக்கட்டு அச்சு எடுக்க எப்படியும் அரை நாள் ஆகும், சாயங்காலம் நெரிசல் வண்டியில் நின்றுகொண்டு வர முடியாது என்பதால் கூட ஒரு ஆள் வேண்டும். நான் லீவு போட்டிருக்கிறேன்.